நீல அட்டையில் பூட்டிய வெள்ளை

என் கேமராவில் கறுத்த மணப்பெண் இருந்ததில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கலியாண வீடுகளில் என்னைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். என் குணத்துக்காக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வித்தை மிகச் சின்னது. படம் பிடிக்கத் தொடங்கும் முன், எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பூட்டினால், மற்ற எல்லா நிறத்தையும் அது அந்த வெள்ளையை வைத்து அளந்துகொள்ளும். நான் தாளுக்குப் பதில் இளநீல அட்டை ஒன்றைக் காட்டுவேன். புதுச் சட்டைப் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் வைத்து வருமே, அந்த அட்டை. நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா படம் முழுவதிலும் நீலத்தைக் குறைத்துவிடும். முகங்களில் மஞ்சளும் சிவப்பும் ஏறும். மாநிறப் பெண் பொன்னிறமாகிவிடுவாள். பெண்ணின் உம்மா வீடியோவைப் பார்த்துப் பூரித்துப்போவார், அடுத்த மகளின் கலியாணத்துக்கும் நான்தான்.

சுனாமிக்கு முதல் நாள், சனிக்கிழமை, சம்மாந்துறையில் ஒரு பகல் கலியாணம். முற்றத்து வெயிலில் அட்டையைக் காட்டிப் பூட்டினேன். வேலை முடியப் பிந்திவிட்டதால் அங்கேயே தங்கினேன். கடல் அந்த ஊர் வரைக்கும் வரவில்லை, அதனால் நானும் கேமராவும் தப்பினோம். ஞாயிறு மத்தியானம் வயல் வழியாக ஊருக்கு நடந்து வந்தபோது, பள்ளிவாசல் தலைவர் என்னைக் கண்டார். கண்டதும் என் தோளில் கிடந்த பையைத்தான் பார்த்தார்.

"மையத்துகள வெச்சிக்கொண்டு இரிக்க ஏலா. பொழுது சாய முந்தி அடக்கணும். பொறகு தேடி வாற சனத்துக்கு ஒரு அடையாளம் வேணும், எடு" என்றார். "முகத்த எடுக்காத. மையத்துட முகத்தப் படம் புடிச்சி ஊருக்குக் காட்டுற சரியில்ல. உடுப்ப எடு, கைய எடு, மோதிரம் கிடந்தா அத எடு."

இருபத்தேழு பேரை எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பள்ளிக்கூடச் சிலேட்டில் ஓர் இலக்கம். கழுத்துக்குக் கீழேதான் எடுத்தேன். பற்றரி தீர்ந்துவிடும் என்ற பயத்தில் கேமராவின் பக்கத்துத் திரையைத் திறக்கவில்லை, கண் வைத்துப் பார்க்கும் துளையாலேயே பார்த்து எடுத்தேன். அந்தத் துளைக்குள் படம் கறுப்பு வெள்ளைதான். ஒன்றையும் யோசிக்கும் நிலையில் நான் இருக்கவுமில்லை. முதல் நாள் பூட்டிய பூட்டு அப்படியே கிடந்தது.

பத்து நாள் கழித்து மின்சாரம் வந்ததும் தலைவர் ஒரு கொப்பியுடன் என் கடைக்கு வந்தார். நான் டீவியில் ஓட விட்டேன், அவர் எழுதினார். இலக்கம் ஒன்று, மண்ணிறச் சாரம். இலக்கம் இரண்டு, மஞ்சள் பூப்போட்ட சட்டை. படம் முழுக்கப் பழுத்துப்போய்க் கிடந்தது.

"என்ன தம்பி, எல்லாம் மஞ்சளிச்சிப் போய் இரிக்கி?"

"சேறுதானே" என்றேன். அவரும் தலையாட்டினார். அன்று இருந்த நிலையில் எதையும் சேற்றின் தலையில் போடலாம்.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு மாதமளவில் ஒரு பெண் தன் உம்மாவோடு வந்தார். பிரதான வீதிக்கு மேற்கே குடியிருப்பவர், தையல்காரி. கணவர் ஞாயிறு தோறும் காலையில் கடற்கரையில் இருந்த தன் உம்மாவைப் பார்க்கப் போவாராம். அன்றும் போயிருக்கிறார். அந்த வீடும் இல்லை, மாமியும் இல்லை, அவரும் இல்லை. மாமியின் மையத்து மட்டும் அடுத்த நாள் கிடைத்தது.

"வெளிர் நீலச் சட்ட, காக்கா. புதுசு. நான்தான் தெச்ச. அண்டைக்குத்தான் மொத முதல்ல போட்ட" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

டேப்பை முழுவதும் போட்டுக் காட்டினேன். கொப்பியையும் புரட்டினேன். வெள்ளைச் சட்டை என்று நான்கு இடத்தில் இருந்தது. நீலச் சட்டை என்று ஓரிடத்திலும் இல்லை. எனக்கே ஆறுதலாக இருந்தது. ஒரு நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு அந்த நாட்களில் யாருக்குக் கிடைத்தது?

"இதுக்குள்ள இல்ல, தங்கச்சி. உங்கட ஆள் எங்கயும் ஹயாத்தோட, உசிரோட இரிப்பார், தேடிப் பாருங்க" என்றேன்.

அவர் தேடினார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, திருக்கோவில் முகாம், பொத்துவில் என்று மூன்று மாதம் தேடினார். பிறகு ஒரு காலையில் மறுபடியும் உம்மாவோடு என் கடை வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

வந்த விஷயத்தை நேரடியாகச் சொன்னார். கணவர் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, திரைக்குப் பின்னால், அந்நிய ஆண் யார் கண்ணிலும் படாமல், அவரை நினைத்து இருக்கும் காலம் அது. ஆனால் இறந்தது நிச்சயம் என்று தெரியாமல் இத்தா இருக்க முடியாது. மௌலவியிடம் கேட்டிருக்கிறார். "செய்தி எப்ப வந்தாலும் மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு. அந்த நாலு மாசமும் பத்து நாளும் கழிஞ்ச பிறகு தெரிய வந்தா, இத்தா முடிஞ்சிட்டு எண்டுதான் அர்த்தம், இரிக்க ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"இன்னம் பதினொரு நாள் கிடக்கு" என்றார். "அவர் மௌத்தாப் போயிருந்தா, நான் ஒரு நாளாவது அவருக்காக இரிக்கணும். ஊரெல்லாம் சுத்திக்கொண்டு திரிஞ்ச பொஞ்சாதியா இரிக்க எனக்கு ஏலா. இன்னொருக்காப் போடுங்க."

எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த டேப்பை நான் அதுவரை நாற்பது தடவையாவது போட்டிருப்பேன். ஆனாலும் போட்டேன். இலக்கம் ஏழில், மையத்தைச் சுற்றுவதற்காக விரித்திருந்த துணி தெரிந்ததும், அவர் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்க. இது என்ன துணி?"

"கபன் துணி."

"இது ஏன் பழுத்துக் கிடக்கு?"

"சேறு பட்டிரிக்கும், தங்கச்சி."

"மடிப்புக்குள்ளயும் சேறு போகுமா?"

அவர் திரைக்குக் கிட்டப் போய்க் குந்தினார். "இந்தத் துணிய நான்தான் கிழிச்ச, காக்கா. அண்டைக்குக் கடையால வந்த புதுக் கட்டு. எங்கட ஒழுங்கையில பொம்புளைகள் எல்லாரும் இரிந்து அளந்து கிழிச்சிக் குடுத்த. பால் மாதிரி இரிந்திச்சி. உங்கட டீவியில தேத்தண்ணியில முக்கின மாதிரி இரிக்கி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழைப்பைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னால் எனக்கு மூக்கு நுனியில் வந்து நிற்கும். "நான் பதினைஞ்சு வருசமாப் படம் புடிக்கன்" என்றேன்.

"நான் பதினேழு வருசமாத் துணி வெட்டுறன்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. போகும்போது, "பாத்துச் சொல்லுங்க, காக்கா. நாள் இல்ல" என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, அன்று ஊருக்கெல்லாம் கபன் கிழித்துக் கொடுத்த நேரத்தில், தன் கணவர் எங்கேயோ அடிபட்ட ஆட்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்றுதான் அவர் நினைத்திருப்பார். கோபம் இறங்கிவிட்டது, பயம் வந்தது. டீவியின் பின்மூடியைக் கழற்றினேன்.

டீவி கடற்காற்றில் உப்பேறிய பழைய பெட்டி. மூலையில் ஊதாத் திட்டு ஒன்று எப்போதும் உண்டு. பக்கத்தில் வைத்திருந்த ஒலிபெருக்கியின் காந்தம் செய்த வேலை அது. ஒலிபெருக்கியைத் தூக்கி அப்பால் வைத்து, பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். ஊதா போனது, மஞ்சள் போகவில்லை. செய்தி வாசிப்பவரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன், வெள்ளையாகவே இருந்தது. டீவியில் பிழை இல்லை. அன்று முழுக்க அதிலேயே போய்விட்டது.

அடுத்த நாள் இணைப்பு வயர்களை மாற்றினேன். கேமராவுக்குள் டேப்பை வாசிக்கும் தலையைத் துடைக்கவென்று விற்கும் டேப்பைப் போட்டு ஓட்டினேன். நல்ல ஸ்பிரிட் தொட்டு, பஞ்சால் கையாலும் துடைத்தேன். அதே தேத்தண்ணி நிறம். மத்தியானம் மின்சாரம் போனது, மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நாளும் இருண்ட டீவியின் முன்னால் சும்மா இருந்தேன். ஒன்பது, எட்டு என்று என் வாய் நாளை எண்ணிக்கொண்டே இருந்தது. என் இத்தா போல.

கேமராவே பிழையாக வாசிக்கிறதோ என்று பார்க்க இன்னொரு கேமரா வேண்டும். அட்டாளைச்சேனையில் ஒரு நண்பரிடம் அதே டேப் போடும் கேமரா இருந்தது. நாலாம் நாள் டேப்பையும் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சமாதான காலம் என்றுதான் பெயர். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்து, கேமராவைக் கண்டதும் என்னை வரிசையிலிருந்து வெளியே எடுத்தான். பஸ் போய்விட்டது.

"என்ன எடுத்தது?" என்றான் உடைந்த தமிழில்.

"கலியாணம்" என்றேன். முழுப் பொய் இல்லை, டேப்பின் தொடக்கத்தில் கலியாணம்தான் இருந்தது. அவன் போட்டுக் காட்டச் சொன்னான். டேப் ஓடி நின்றிருந்த இடம் வேறு. சின்னத் திரையில் இலக்கம் பதினொன்று வந்தது, ஒரு சிறுமியின் கை, அதில் கண்ணாடி வளையல். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பறித்துவிடுவான் என்று நினைத்தேன். அந்த டேப்புக்கு நகல் கிடையாது. நகல் எடுத்து வைக்காத என் சோம்பலை அந்த வெயிலில் நின்று நானே திட்டிக்கொண்டேன். அவன் திரையை மெதுவாக மூடி, கேமராவைப் பைக்குள் வைத்து, ஜிப்பையும் அவனே இழுத்து மூடித் தந்தான். அடுத்த பஸ்ஸை அவனே கை காட்டி நிறுத்தினான்.

நண்பரின் கேமராவிலும் டேப் அதே நிறத்தில்தான் ஓடியது. அப்படியென்றால் பிழை டேப்பிலேயே இருக்கிறது. நான் எடுத்தபோதே விழுந்த பிழை.

"இந்த டேப் பழசா?" என்று கேட்டார் நண்பர்.

"புதுசு. சனிக்கிழமைக் கலியாணத்துக்குத்தான் பிரிச்ச."

"அப்ப அந்தக் கலியாணத்தப் போட்டுப் பாப்பம். அதுலயும் இப்பிடி இரிக்கான்னு தெரியும்தானே."

தொடக்கத்துக்குச் சுற்றினார். மணப்பெண் வந்தாள், பொன் போல. அவளை நேரில் கண்டவன் நான், அவள் என்னைப் போல மாநிறம். நண்பர் சிரித்தார். "உங்கட அட்ட வேல செஞ்சிரிக்கி" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அட்டை பையின் பக்கப் பைக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் புதிதாக வெள்ளை காட்டவில்லை. இருபத்தேழு பேரையும் கேமரா பார்த்தது சம்மாந்துறை மணப்பெண்ணுக்குப் பூட்டிய பூட்டோடுதான். அதன் பிறகு எடுத்த வேலைகளுக்கெல்லாம் புதிதாகப் பூட்டினேன், அதனால் பிழை கண்ணில் படவே இல்லை. என் கேமராவுக்கு வெள்ளை மஞ்சளாகத் தெரியும், கபனைப் போல. இந்த அட்டையின் நீலம்தான் வெள்ளையாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலையிலேயே தையல்காரியின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அந்தச் சட்டை தைத்த துணியில் மிச்சம் ஏதும் இருந்தால் எடுத்து வரச் சொன்னேன். அவரே உம்மாவோடு உள்ளங்கை அளவு வெட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நான் கடை வாசல் வெயிலில் அட்டையைக் காட்டிப் பூட்டினேன். துண்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்தேன். டீவியில் போட்டபோது தாள் பழுத்துக் கிடந்தது. அதன் மேல் துண்டு பால் வெள்ளையாக இருந்தது.

அவர் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். அவருடைய உம்மாதான், "அல்லாஹ்வே" என்றார்.

நான்கு வெள்ளைச் சட்டைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்று கபனின் நிறத்தில்தான் இருந்தன. அவை உண்மையான வெள்ளை. இலக்கம் பத்தொன்பது மட்டும், மார்பில் சேறு காய்ந்திருந்தாலும், கைக்குக் கீழே சேறு படாத இடத்தில் பால் போல இருந்தது. அன்று அந்தச் சேற்றில் புரண்டு வந்த ஒரு சட்டை மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் நாற்பது தடவையும் கேட்டதில்லை. மற்ற வெள்ளைகளை விட இது வெள்ளை என்று கண் சொன்னது, நான் கவனிக்கவில்லை.

"சட்டப் பைய நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. பையின் ஓரத்தில் இரண்டு வரித் தையல் தெரிந்தது.

"ரெட்டத் தையல். பேனைய வெச்சி வெச்சிக் கிழிச்சிப் போடுறாருண்டு நான்தான் ரெண்டு தரம் அடிச்ச" என்றார். பிறகு எழுந்து, முந்தானையை முகம் மறைய இழுத்துக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து நான் அவருக்கு அந்நிய ஆண். என்னைப் பாராமலே, "உம்மா, ஆறு நாள் இரிக்கி. வாங்க போவம்" என்றார்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலோடு நின்றேன். தையல் இயந்திரத்தின் மேல் விரிப்பு மூடிக் கிடந்தது, உள்ளறைக்குப் புதுத் திரை போட்டிருந்தது. அவருடைய உம்மா உள்ளே போய், கேமராக்காரர் வந்திருக்கிறார் என்று சொன்னார்.

"பொருந்திக்கொள்ளுங்க, தங்கச்சி" என்றேன் திரையைப் பார்த்து. மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் தன் உம்மாவிடம் சொல்வது போல, எனக்குக் கேட்கச் சொன்னார். "மொதல்ல அவர்ட கடைக்குப் போன அண்டே தெரிஞ்சிரிந்தா தொண்ணூத்தெட்டு நாள் இரிந்திரிப்பன். இப்ப அஞ்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"உம்மா, அவர்ட கேளுங்க. எனக்கு இல்லண்டு சொன்ன மாதிரி, வேற எத்தின பேருக்கு இல்லண்டு சொன்ன?"

உம்மா என்னைப் பார்த்தார். அவர் திருப்பிக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஐந்து நாளாக ஒரு சட்டையைத்தான் தேடினேன், கொப்பி முழுவதும் என் அட்டையின் நிறத்தில் எழுதப்பட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மண்ணிறச் சாரம் என்ன நிறமோ. மஞ்சள் பூ என்ன பூவோ. ஊதாத் தாவணி தேடி வந்தவர்களை, ரோசாச் சட்டை தேடி வந்தவர்களை, கொப்பியில் இல்லை என்று நான்தான் வாசலோடு அனுப்பினேன். எல்லாருக்கும் ஹயாத்தோடு இருப்பார்கள் என்று துஆவும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன்.

அங்கிருந்து நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். தலைவர் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். "சனம் இப்பதான் மெல்ல அடங்கி வருது, தம்பி. திருப்பிக் கிளறினா என்ன ஆகும்?" என்றார்.

"அடங்கல்ல. தேடிக்கொண்டு திரியிதுகள்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன், பள்ளிக்குள் என்றும் பாராமல். அவர் எழுந்து போய் ஒலிவாங்கியின் சுவிட்சைப் போட்டு என் கையில் தந்தார்.

கலியாண வீடுகளில் ஆட்களை அதட்டி வரிசையில் நிறுத்தும் என் குரல் அன்று எழும்பவில்லை. சுனாமி மையத்துகளின் டேப்பில் நிறம் பிழைத்துவிட்டது என்றும், அது என்னுடைய பிழை என்றும், முன்னர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். காணாமல் போனவர் உடுத்திருந்த நிறத்தில் வீட்டில் ஏதும் துணி இருந்தால் எடுத்து வரவும் சொன்னேன். அட்டையைக் காட்டி அந்தத் துணியையும் எடுத்து, டேப்போடு வைத்துப் பார்க்கலாம். அந்த அட்டையை எரித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இனி அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடை திறக்கப் போனேன். பூட்டிய கதவிலிருந்து பக்கத்துப் பேக்கரி தாண்டியும் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணி. சாரத்துண்டு, தாவணி, பிள்ளைச் சட்டை, ஒருவர் கையில் யன்னல் திரை. முதல் ஆளாக நின்றவருக்கு, இரண்டு மாதத்துக்கு முன் நான் இல்லை என்று சொல்லியிருந்தேன். அன்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, சந்தோசத்தோடு போனவர். இன்று ஊதாத் துண்டு ஒன்றை மடித்துப் பிடித்திருந்தார்.

"மகள்ற" என்றார்.

நான் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினேன். அவர் துணியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் எனக்குக் கதவைத் தள்ளித் தந்தார்.